குடிக்கூலி எழுத்தும் கட்டற்ற எழுத்தும்

(மூங்கில்துறைப்பட்டில் தமிழன்பர்கள் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இவ்வூரின் பெயரிலேயே ஒரு துறை இருக்கின்றது. தென்பெண்ணை ஓடும் ஊர்க்குத் துறை என்பது என்னவென்று எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இறங்குமிடம் அது, நீர் மொள்ளுமிடம் அது, அக்கரைக்குக் கடக்குமிடம் அது. உழவன் இறங்கிய துறையிலேயே வணிகனும் இறங்கினான்; பெரியவன் மொண்ட துறையிலேயே சிறியவனும் மொண்டான். துறை என்றும் பொது. அத்துறையை ஒருவன் வேலியிட்டு வளைத்து, "ஆண்டுக்கு இவ்வளவு பணம் கட்டினால் கால் நனைக்கலாம், கட்டத் தவறினால் நீ மொண்டு வைத்த குடத்து நீரையும் கண்ணால் பார்க்கலாமே ஒழியக் குடிக்கலாகாது" என்று சொன்னால் ஊரார் பொறுப்பரோ? ஒருநாளும் பொறார். ஆனால், எழுத்துத் துறையில் இன்று இதுவே நடைபெறுகின்றது. வீட்டுக் கணினியில் ஒரு மடல் எழுதவும், ஒரு கணக்குப் போடவும், பிள்ளைகள் ஒரு கட்டுரை வரையவும் தமிழர் குடிக்கூலி கட்டிக்கொண்டிருக்கின்றனர். அல்லது கூலி கட்டாமல் ஒளிந்து குடியிருக்கின்றனர். இவ்விரண்டுமே தன்மானமுடைய ஓர் இனத்திற்குத் தகுவன அல்ல என்பதே இவ்வுரையின் கருத்து.

1976: இரண்டு நிகழ்ச்சிகள்

இம்மாவட்டத்தின் மேலைத் திசையில் கல்வராயன் மலை நிற்கின்றது. நாடு விடுதலை பெற்றது 1947ஆம் ஆண்டில். ஆனால், அம்மலைவாழ் மக்களுக்கு அவ்விடுதலை உடனே எட்டவில்லை. சாகிர்தார்களின் ஆளுகை அம்மலையில் 1976ஆம் ஆண்டு வரை நீடித்தது. காடு திருத்தியவன் அவன். கல் பொறுக்கியவன் அவன். ஏர் பூட்டியவனும் அவன். ஆயினும் நிலம் அவனுடையதன்று. இருக்க விட்டதற்கு வரி. உழ விட்டதற்கு உழைப்பு. அந்த முறை 1976ஆம் ஆண்டில்தான் முடிவுக்கு வந்தது.

அதே 1976ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்களில், அமெரிக்க நாட்டில் பில் கேட்சு என்னும் இருபது அகவை இளைஞர், கணினி ஆர்வலர்களுக்கு ஒரு வெளிப்படை மடல் எழுதினார். தம் நிறுவனம் ஆக்கிய நிரலை அவர்கள் பணம் தாராமல் படியெடுத்துப் பகிர்வது திருட்டு என்று அம்மடலில் கடிந்துரைத்தார். தொடக்கக் காலத்தில் கணினிப் பொறியை விற்றவர்கள் மென்பொருளைப் பெரும்பாலும் அதனோடு சேர்த்தே கொடுத்துவந்தனர். ஆர்வலர்கள் தம்முள் கைம்மாற்றிக்கொண்டனர். அம்மடலுக்குப் பின் வீட்டுக் கணினிகளிலும் மென்பொருள் தனியொரு விற்பனைப் பொருளாக வேர் ஊன்றத் தொடங்கியது. விற்பனைப் பொருள் என்று சொல்வதும் பிழை. அது விற்கப்படுவதே இல்லை. ஒரு மலையில் குடிக்கூலி ஆளுகை ஒழிந்த ஆண்டிலேயே, உலகம் முழுவதற்குமான புதிய குடிக்கூலி ஆளுகை ஒன்றிற்குக் கால்கோள் நடந்தது என்பது எண்ணத்தக்கது.

உரிமம் என்பது என்ன?

கடையில் ஓர் அரிவாள் வாங்கினால் அஃது உங்களுடையது. தீட்டலாம், பிடி மாற்றலாம், அண்டை வீட்டார்க்கு இரவல் தரலாம். அலுவலக மென்பொருளை வாங்கியவர் அவ்வாறு செய்யவியலாது. அவர் கொடுத்த பணத்திற்குக் கிடைப்பது மென்பொருள் அன்று. அதனைச் சில கட்டுகளுக்குட்பட்டுப் பயன்படுத்திக்கொள்ளும் இசைவு மட்டுமே. அவ்விசைவிற்கே உரிமம் என்று பெயர். "இஃது உமக்கு விற்கப்படவில்லை, உரிமமாகத் தரப்படுகின்றது" என்று அந்நிறுவனங்களே தம் ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருக்கின்றன. திரையில் "ஏற்கிறேன்" என்னும் பொத்தானை அழுத்துபவருள் அதனைப் படிப்பவர் எத்தனை பேர்?

அவ்வுரிமங்கள் பலவகைப்படும். புதுக் கணினியோடு சேர்ந்து வருவது ஒருவகை. அஃது அந்தப் பொறியோடு பிறந்து அந்தப் பொறியோடு சாவது. பொறி பழுதானால் மென்பொருளை எடுத்து வேறு பொறியில் வைத்துக்கொள்ளுதல் பெரும்பாலும் இயலாது. வீட்டிற்கும் மாணாக்கர்க்கும் என்று விலை குறைத்துத் தருவது மற்றொருவகை. அத்தகைய உரிமங்கள் சிலவற்றில் வணிகப் பயன்பாடு விலக்கப்பட்டிருக்கும். மகனின் படிப்பிற்கென்று வாங்கிய கணினியில் தந்தை தம் உரக்கடைக் கணக்கை எழுதினால், அவர் அறியாமலே ஒப்பந்தம் மீறியவராகிவிடுகின்றார்.

மூன்றாவது வகை திங்கள் கட்டணம் அல்லது ஆண்டுக் கட்டணம். மைக்ரோசாப்டு நிறுவனம் 2011ஆம் ஆண்டில் தன் அலுவலகத் தொகுப்பை இம்முறையில் தரத் தொடங்கியது. ஒருமுறை விலை கொடுத்து வாங்கும் வகையும் இன்றும் உண்டு. ஆயினும் விளம்பரமெல்லாம் ஆண்டுக் கட்டணத்தின் பக்கமே சாய்கின்றது. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் உருபா கட்டவேண்டும். கட்டாமல் நிறுத்தினால், உங்கள் கையால் நீங்கள் எழுதிய ஆவணத்தை அம்மென்பொருளில் திறந்து பார்க்கலாம், அச்சிடலாம், திருத்தவோ புதிதாக எழுதவோ இயலாது. மொண்டு வைத்த குடத்து நீரைப் பார்க்கலாம். குடிக்கலாகாது என்று முன்னர்ச் சொல்லப்பட்டது கற்பனையன்று என்பதை உணர்க.

ஒளிந்து குடியிருத்தல்

"எங்கள் வீட்டில் அந்தத் தொல்லையே இல்லை, கடைக்காரரே எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்துவிட்டார்" என்று மகிழ்பவர் பலர். அவர்கள் மகிழ்வதற்கு ஏதுமில்லை. அது திருட்டுப் படி. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டினது. அதில் 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 63ஆ என்னும் பிரிவு சேர்க்கப்பெற்றது. உரிமையின்றி எடுத்த மென்பொருள் படியைத் தெரிந்தே கணினியில் பயன்படுத்துபவர்க்கு ஏழு நாளுக்குக் குறையாமல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 உருபாவிற்குக் குறையாமல் 2 இலக்கம் வரை தண்டத்தொகையும் அப்பிரிவு விதிக்கின்றது. வருவாய்க்கோ வணிகத்திற்கோ பயன்படுத்தவில்லை எனின், மன்றம் சிறையைத் தவிர்த்து 50,000 உருபா வரை தண்டத்தொகையோடு விடலாம் என்றும் அதே பிரிவு சொல்கின்றது. வீட்டுக்குள் வந்து எவர் பார்க்கப்போகின்றார் என்னும் துணிவு வேறு, சட்டம் வேறு.

சட்டத்தை விடுக. பூட்டுடைத்த மென்பொருளோடு தீநிரல்களும் ஒட்டிக்கொண்டு வருதல் உண்டு. பூட்டை உடைத்தவன் அறத்திற்காக உடைத்தான் என்பதற்கு என்ன உறுதி? வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லும் பிள்ளையின் சான்றிதழும் உள்ள பொறியில், முன்பின் அறியாதவன் திறந்து வைத்த கதவு ஒன்று இருக்கின்றது என்பதே உண்மை.

இவை இரண்டினும் பெரிய கேடு மூன்றாவது. திருட்டுப் படியும் அந்நிறுவனத்திற்கே துணை செய்கின்றது! வீட்டில் திருட்டுப் படியில் பழகிய கை, அலுவலகத்தில் அதனையே கேட்கும். அலுவலகம் பணம் கொடுத்து வாங்கும். ஊரெல்லாம் அதிலேயே ஆவணம் அனுப்பும். பிறகு அதனை விட்டு வெளியேற எவராலும் இயலாது. தாராமல் இருந்தும் அடிமையாயிருத்தல் இது.

கரும்புக் கரணை கற்பிக்கும் பாடம்

இதற்கு மாற்று உண்டா? உண்டு. அது நேற்று முளைத்ததும் அன்று. அமெரிக்கரான இரிச்சர்டு சுடால்மன் 1983ஆம் ஆண்டில் குனு என்னும் திட்டத்தை அறிவித்தார். பின்லாந்து மாணாக்கரான இலினசு தோர்வால்சு 1991ஆம் ஆண்டில் இலினக்சு என்னும் கருவகத்தை வெளியிட்டார். இரண்டும் இணைந்து குனு இலினக்சு என்னும் இயங்குதளம் ஆயிற்று.

இவ்வகை மென்பொருளைத் தமிழில் "கட்டற்ற மென்பொருள்" என்று வழங்குகின்றனர். மிகப் பொருத்தமான சொல் இது. ஆங்கிலத்தில் விலையில்லாததற்கும் விடுதலைக்கும் ஒரே சொல் இருப்பதால், அங்கே விளக்கம் சொல்லியே களைத்துப்போகின்றனர். தமிழுக்கு அந்தக் குழப்பம் இல்லை. விலையில்லாதது வேறு, கட்டற்றது வேறு. விலையில்லாமல் கொடுத்துவிட்டுக் கட்டி வைப்பவனும் உண்டு. முதலாண்டு விலையின்றி, அடுத்த ஆண்டு கட்டணம் என்பது தூண்டிற்புழு. அதனைக் கட்டற்ற மென்பொருள் என்று கருதி ஏமாறுதல் கூடாது.

கட்டறுதல் என்பது நான்கு உரிமைகள். இவ்வூர் உழவர்க்கு அவை புதியன அல்ல. கூட்டுறவுச் சருக்கரை ஆலை உள்ள ஊர் இது. கரும்பு அறியாதவர் எவர்? தம் வயலில் விளைந்த கரும்பிலிருந்து உழவர் கரணை வெட்டுகின்றார். அக்கரணையை எந்த வயலிலும் நடலாம். இது முதல் உரிமை. அது எவ்வாறு முளைக்கின்றது, எம்மண்ணில் தழைக்கின்றது என்று ஆய்ந்து தம் நிலத்திற்கேற்பத் திருத்திக்கொள்ளலாம், இது இரண்டாவது. அண்டை வயலார்க்கும் கொடுக்கலாம், இது மூன்றாவது. தாம் திருத்திய நல்ல கரணையையும் ஊரார்க்குப் பரப்பலாம், இது நான்காவது. இந்த நான்கும் ஒரு மென்பொருளுக்கு இருந்தால் அது கட்டற்றது. ஆய்ந்து பார்க்க மூலநிரல் வேண்டும் அன்றோ? ஆதலின் மூலநிரல் திறந்தே இருக்கும்.

அலுவலகத் தொகுப்பின் கதை

வீட்டுக் கணினிக்குத் தேவையானவை பெரும்பாலும் மூன்று: எழுதும் கருவி, கணக்கிடும் தாள், படக்காட்சி. இம்மூன்றும் தரவுத்தளம், வரைகருவி ஆகியவையும் அடங்கிய கட்டற்ற தொகுப்பு ஒன்றுண்டு. அதன் பிறப்பிடம் செருமனி. சுடார் ஆபீசு என்னும் பெயரில் தனியார் உடைமையாக இருந்த அதனை 1999ஆம் ஆண்டில் சன் என்னும் அமெரிக்க நிறுவனம் விலைக்கு வாங்கி, 2000ஆம் ஆண்டில் அதன் மூலநிரலை உலகிற்குத் திறந்துவிட்டது. ஓப்பன் ஆபீசு என்னும் பெயரில் அதன் முதற்பதிப்பு 2002ஆம் ஆண்டு மே திங்களில் வெளிவந்தது.

2010ஆம் ஆண்டில் ஆரக்கிள் என்னும் பெருநிறுவனம் சன்னை விழுங்கியது. பொதுச்சொத்து மீண்டும் வேலிக்குள் போய்விடுமோ என்னும் ஐயம் எழுந்தது. அவ்வாண்டு செபுதம்பர்த் திங்களிலேயே ஆக்குநர் பலர் வெளியேறி, அதே நிரலைக் கையில் எடுத்துக்கொண்டு "இலிபரெ ஆபீசு" என்னும் பெயரில் தனித்து நடந்தனர். எவராலும் தடுக்க இயலவில்லை. உரிமம் அவ்வாறு எழுதப்பட்டிருந்தது! கட்டற்ற உரிமத்தின் ஆற்றல் இதுவே. முதலாளி மாறலாம், ஊர் மாறுவதில்லை. இன்று உயிரோட்டத்துடன் வளர்வது இந்த இலிபரெ ஆபீசே. விண்டோசு, மாக்கு, இலினக்சு ஆகிய மூன்றிலும் அது இயங்கும். வீடு, கடை, பள்ளி, அலுவலகம் எதுவாயினும் ஒரு காசும் கட்ட வேண்டுவதில்லை. எத்தனைப் பொறியிலும் இட்டுக்கொள்ளலாம்.

அதன் ஆவண வடிவம் பூட்டற்றது. 2006ஆம் ஆண்டில் உலகத் தர அமைப்பால் ஏற்கப்பெற்றது. ஐம்பதாண்டு கழித்துப் பேரன் திறந்து பார்க்க வேண்டிய குடும்ப வரலாற்றை எவ்வடிவில் எழுதி வைப்பது என்பதற்கு இதுவே விடை.

தமிழுக்கு என்ன பயன்?

ஈண்டுத்தான் தமிழன்பர் கூர்ந்து நோக்க வேண்டும். தனியார் மென்பொருளில் தமிழ் இருக்க வேண்டுமா வேண்டாவா, இருந்தால் எந்தச் சொல் இருக்க வேண்டும் என்பதை அந்நிறுவனமே முடிவு செய்யும். சந்தை இருந்தால் தமிழ், இல்லையேல் இல்லை. கட்டற்ற மென்பொருளிலோ எவரையும் கேட்க வேண்டுவதில்லை. குனு இலினக்சின் திரைகளைத் தமிழாக்கும் பணி இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே உலகெங்கும் உள்ள தமிழ் ஆர்வலர்களால் கூலியின்றிச் செய்யப்பெற்றது. இலிபரெ ஆபீசையும் தமிழ் இடைமுகத்தோடு இயக்கலாம். கோப்பு, தொகு, பார்வை என்று பட்டியல் தமிழில் விரியும்போது, அச்சொற்களைத் தெரிந்தெடுத்தவர் தமிழரே என்பதை நினைக்க வேண்டும். சொல் பிடிக்கவில்லையா? திருத்தித் தரலாம். திறனாய்வு செய்ய மட்டுமன்று, திருத்தவும் உரிமை தருவது இது ஒன்றே.

இன்னொரு கேட்டையும் எண்ணுக. தமிழ் எழுத்துருக்களுக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு குறிமுறை வகுத்த காலம் ஒன்று இருந்தது. 1999ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டில் தாம், தாபு குறிமுறைகளும் தமிழ்99 விசைப்பலகையும் தரமாக ஏற்கப்பெற்றன. 2010ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு ஒருங்குறியையும் அதனோடு 16 துணுக்குக் குறிமுறையையும் தரமென ஆணையிட்டது. எனினும் விலை கொடுத்து வாங்கிய பழைய எழுத்துருக்களில் அடித்த தமிழ் நூல்களும் இதழ்களும் மலர்களும் அச்சகங்களின் வட்டுகளில் இன்றும் கிடக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவற்றைத் திறந்தால் தோன்றுவது தமிழன்று. பொருளற்ற உரோமக் கிறுக்கல். தமிழுக்கென்று உழைத்தோர் எழுதியவையும் அவ்வாறே பூட்டுண்டு கிடக்கின்றன. சுவடியைக் கரையான் அரித்தது போன்றதே இது. கரையானுக்கு விலை கொடுக்கவில்லை என்பதே வேறுபாடு. இன்றோ லோகித், நோட்டோ முதலிய கட்டற்ற தமிழ் ஒருங்குறி எழுத்துருக்கள் உள. இனி எழுதுவதையேனும் அவற்றில் எழுதாமல் இருப்பதற்குக் கரணியம் ஏதுமில்லை.

நாட்டில் நடந்தவை

இஃதெல்லாம் நடைமுறைக்கு ஒவ்வுமா என்பார் உளர். நடந்தவற்றைக் காண்க. தமிழ்நாடு மின்னணு நிறுவனமாகிய எல்காட்டு, உமாசங்கர் அதன் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, 2007ஆம் ஆண்டளவில் தன் கணினிகளைச் சூசே இலினக்சிற்கும் ஓப்பன் ஆபீசிற்கும் மாற்றிக் காட்டியது. அதே 2007ஆம் ஆண்டில் சென்னையில் உருவான பாசு என்னும் இலினக்சு இயங்குதளம் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கென வெளிவந்தது. 2011ஆம் ஆண்டில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசோடு பாசும் இடப்பெற்றது. மாணாக்கர் பலர் பாசைத் திறந்தும் பார்த்ததில்லை. கருவி கொடுத்தவர்கள் பழக்கம் கொடுக்கவில்லை.

பாடநூலிலோ நிலைமை வியப்பிற்குரியது. தமிழ்நாட்டு மேனிலைப் பள்ளிக் கணினி நூலில் நெடுங்காலம் சுடார் ஆபீசே பாடம். 2018ஆம் ஆண்டில் வந்த பதினோராம் வகுப்பு நூலில் ஓப்பன் ஆபீசும் உபுண்டு இலினக்சும் பாடம். தமிழ்வழியில் படித்த பிள்ளை பள்ளியில் கட்டற்ற மென்பொருளைக் கற்கின்றது. வீட்டிற்கு வந்தால் திருட்டுப் படி. பயிற்சி நிலையத்திற்குப் போனால் விலைமென்பொருள். படித்ததைப் பயன்படுத்த விடாத பெற்றோரை என்னென்பது!

அண்டையில் உள்ள கேரளம் இதில் முந்திக்கொண்டது. அங்கே அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வி முழுவதும் குனு இலினக்சில் நடைபெறுகின்றது. பத்தாம் வகுப்புக் கணினித் தேர்வும் அதிலேயே. செருமனியின் வடகோடி மாநிலமான சிலேசுவிக்கு ஓல்சுடைன் 2024ஆம் ஆண்டில் தன் 30,000 அரசுக் கணினிகளை இலிபரெ ஆபீசிற்கு மாற்ற முடிவெடுத்தது. பணமில்லாமையால் அன்று, தன் ஆவணத்தின் மீது தனக்கே ஆளுமை வேண்டும் என்பதனால்.

தொலைவில் ஏன் போக வேண்டும்? 2019ஆம் ஆண்டு வரை இவ்வூரும் சேர்ந்திருந்த விழுப்புரத்தில், விழுப்புரம் குனு இலினக்சுப் பயனர் குழு என்னும் அமைப்பு, சிற்றூர் மாணாக்கர்க்குக் கட்டற்ற மென்பொருளைக் கட்டணமின்றிக் கற்பித்து வருகின்றது. கணியம் என்னும் மின்னிதழ் 2012ஆம் ஆண்டு முதல் இவ்வறிவைத் தமிழிலேயே தந்து வருகின்றது. ஆங்கிலம் அறியாமை இனித் தடையன்று.

தொல்லைகளும் உள

மறைக்காமல் சொல்ல வேண்டும். மைக்ரோசாப்டு வடிவில் வரும் ஆவணங்களை இலிபரெ ஆபீசு திறக்கும். ஆயின் சிக்கலான கட்டங்களும் படங்களும் சிற்சில வேளை இடம் பெயரும். கணக்குத் தாளில் எழுதப்பட்ட குறுநிரல்கள் சில இயங்கா. பழைய அச்சுப்பொறி சில இலினக்சோடு முரணும். சில வணிகக் கணக்கு மென்பொருள்கள் விண்டோசில் மட்டுமே ஓடும். தமிழ் இடைமுகத்தில் மொழிபெயர்க்கப்பெறாத தொடர்கள் இன்னும் உள. தமிழ்ச் சொற்பிழை திருத்தியும் நிறைவு பெறவில்லை. இவை குறைகளே. ஆனால் முதலிரண்டும் பெரும்பாலும் பூட்டிய வடிவத்தின் விளைவு. இறுதியிரண்டும் தமிழர் கை வைக்காமையின் விளைவு. குறை சொல்லும் வாய் நூறு இருக்கும் இடத்தில் திருத்தும் கை பத்து இருந்தால் போதும்.

வீட்டில் செய்யத்தக்கன

ஒரே நாளில் எல்லாவற்றையும் கவிழ்க்க வேண்டுவதில்லை. முதலில், இருக்கும் விண்டோசிலேயே இலிபரெ ஆபீசை நிறுவுக. ஒரு திங்கள் அதிலேயே எழுதுக. அமைப்பில் தமிழ் இடைமுகத்தைத் தெரிவு செய்க. ஒருங்குறி எழுத்துருவும் தமிழ்99 விசைப்பலகையும் இடுக. பிறர்க்கு அனுப்பும் ஆவணம் திருத்தத் தேவையற்றதாயின் பி.டி.எப். வடிவில் அனுப்புக, இடம் பெயரும் தொல்லை அதனோடு நீங்கும். கை பழகிய பின், விரலிக் குச்சியில் இலினக்சை ஏற்றி, வன்தட்டைத் தொடாமலே ஓட்டிப் பாருங்கள். அச்சுப்பொறியும் இணையமும் இயங்குவதைக் கண்ட பின், ஆவணங்களையெல்லாம் வேறோர் இடத்தில் படியெடுத்து வைத்துவிட்டு, நிலையாக நிறுவுங்கள்.

விண்டோசு 10இன் பொதுப் பாதுகாப்புக் காலம் 2025 அத்தோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. புதிய பதிப்பை ஏற்கும் தகுதி பழைய பொறிகள் பலவற்றிற்கு இல்லையென நிறுவனம் சொல்கின்றது. நன்றாக ஓடும் பொறியைக் குப்பையில் எறிந்துவிட்டுப் புதியது வாங்கு என்பதே இதன் பொருள். அப்பொறிகள் பல இலினக்சில் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். வீட்டில் ஒதுக்கி வைத்த மடிக்கணினி ஒன்றைத் துடைத்து, இலினக்சும் இலிபரெ ஆபீசும் இட்டு, மலையூர்ப் பள்ளி மாணாக்கர் ஒருவர்க்குக் கொடுங்கள். அதனைவிடச் சிறந்த தமிழ்த்தொண்டு அரிது. எந்தச் சட்டமும் அதனைத் தடுக்காது. எந்த நிறுவனமும் அதற்குக் கட்டணம் கேளாது.

உறவுகளே! மேடையில் தமிழ் வாழ்க என்று முழங்கிவிட்டு, அம்முழக்கத்தின் துண்டறிக்கையைத் திருடிய மென்பொருளில் ஆங்கிலப் பட்டியலைப் பார்த்து அடிப்பது முழுமையான தமிழுணர்வாகுமா? கல்வராயன் மலையில் உழைத்தவனுக்கு அவன் மண் உரிமையாகப் பல்லாண்டு காத்திருக்க நேர்ந்தது. எழுத்து மண் அவ்வாறு காத்திருக்க வைக்கவில்லை. அதன் கதவு திறந்தே கிடக்கின்றது. உள்ளே நுழைய எவர் இசைவும் வேண்டா. நுழையாமல் வாயிலில் நின்று கூலி கட்டிக்கொண்டிருப்பவர் தம்மையன்றி வேறெவரை நோவது?

துறை பொது, நீர் பொது, எழுத்தும் பொது.

கட்டறுக! கணித்தமிழ் தன்காலில் நிற்க!